பதினொருவர் அணி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கால்பந்தைப் பற்றிப் பேசவிருக்கிறேன் என்றதும் நம் செயலாளர் சிறிது தயங்கினார். அத்தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆயினும், 'அணி' என்னும் சொல் செய்யுளின் அழகையும் குறிக்கும். வகுத்து நிறுத்திய படையையும் குறிக்கும். இன்று பந்தாடும் பதினொருவரையும் குறிக்கும். ஐந்திலக்கணத்துள் ஒன்றன் பெயரைத் தாங்கியவர்கள் இம்மேடைக்கு அயலாராக முடியாது.

நான் எடுத்துக்கொண்டது 1911-ஆம் ஆண்டின் ஒரு பருவம். முதல் உலகப் போருக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. நம் பகுதிக்கு அவ்வாண்டு மறக்கவொண்ணாதது. சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சிநாதன் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. அப்போது சிறையில் இருந்தார். பாரதியார் புதுச்சேரியில் இருந்தார். மணியாச்சி நிகழ்ச்சிக்குச் சரியாக ஆறு வாரங்கள் கழித்து, சூலை 29 அன்று, கல்கத்தாவில் வேறொரு செய்தி பிறந்தது. மோகன் பகான் என்னும் வங்காளி அணி, கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் ஆங்கிலேய அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. இந்திய அணியொன்று அக்கேடயத்தை வென்றது அதுவே முதன்முறை.

வங்காளத்தில் கால்பந்து கல்விக்கூடங்களின் வாயிலாகவே வேரூன்றியது. 1877-இல் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் பள்ளிச் சிறுவர் தம் தோழர்களைத் திரட்டிப் பந்தாடத் தொடங்கினார் என்பர். பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் அவர்கட்கு வழிகாட்டினார். 1889-இல் தோன்றிய மோகன் பகான் கல்லூரி அணி அன்று. எனினும் கல்லூரிகளின் நிழலில் வளர்ந்தது. 1911 அணியின் அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர். சுதிர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர், கிறித்தவர். பதினொருவருள் காலணி அணிந்து ஆடியவர் அவர் ஒருவரே; ஏனைப் பதின்மரும் வெறுங்காலினர். வங்காளம் 1905-இல் இரு கூறாக்கப்பட்டிருந்தது. இவ்வணியிலோ கிழக்கு வங்காளத்தாரும் மேற்கு வங்காளத்தாரும் ஒருங்கே நின்றனர்.

அப்பருவத்தின் முதல் ஆட்டமே ஒரு கல்லூரியுடன்தான் நிகழ்ந்தது. சூலை 10 அன்று புனித சேவியர் கல்லூரி அணியை மூன்று கோல்களால் வென்றனர். அடுத்து ரேஞ்சர்ஸ் அணியை 2–1 எனவும், ரைபிள் பிரிகேட் படையணியை 1–0 எனவும் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவுடன் ஆட்டம் 1–1 எனச் சமனாயிற்று. மறு ஆட்டத்தில் 3–0 என வெற்றி கிட்டியது.

இறுதி ஆட்டத்தைக் காணத் திரண்ட கூட்டத்தை 60,000 என்றும் 80,000 என்றும் மதிப்பிட்டனர். திடலைப் பார்க்கக் கிட்டாதவர்கள் மரங்களில் ஏறினர். தொலைவில் நின்றோர்க்கு ஆட்டத்தின் நிலையைக் காற்றாடி பறக்கவிட்டு அறிவித்தனர். முதல் கோல் படைப்பிரிவினருடையது. பின்னர்த் தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோலடித்துச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து மீண்டும் அவர் காலுக்கு வந்தது. அவர் அதைத் தாமே அடிக்க முற்படாமல் அபிலாஷுக்குத் தள்ளினார். அபிலாஷ் அடித்தார், வெற்றி கிட்டியது.

அவ்வாண்டு திசம்பரில், தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வெளிவந்தது. இவ்வெற்றியோடு அதனை முடிச்சிட்டுப் பேசுவாரும் உளர், அது மிகை. இன்னோர் இந்திய அணி அக்கேடயத்தை வெல்ல 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு முகம்மதன் ஸ்போர்ட்டிங் வென்றது. ஒரு பந்தாட்டத்தால் பேரரசு சாய்ந்துவிடவில்லை. ஆனால், ஆங்கிலேயர் வகுத்த விதிகளின்படியே, அவர்கள் நடத்திய போட்டியிலேயே அவர்களை வெல்லக்கூடும் என்பதைப் பல்லாயிரவர் கண்ணாரக் கண்டனர். அந்தக் காட்சியைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

இனி என் வருத்தத்திற்கு வருகிறேன். ஒருமுறை வகுப்பில், 'நீ அறிந்த ஓர் அணி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளும் ஒரே ஒரு வீரரைப் பற்றியனவாகவே இருந்தன. உடன் ஆடியவர்கள் 'மற்றவர்கள்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டனர். மாணவியரை நான் நொந்துகொள்ளவில்லை. நம் இலக்கியம் அவர்கட்குக் கற்பித்ததும் அதுவே அன்றோ?

விளையாட்டுக்கு நம் இலக்கியத்தில் குறைவில்லை. முல்லைக்கலியில் ஏறுதழுவல் உண்டு. பிள்ளைத்தமிழில் சிற்றிலும் சிறுதேரும் உண்டு. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். கம்பரோ படைத்தல் காத்தல் அழித்தல் மூன்றையும் இறைவனின் விளையாட்டாகவே கண்டார். ஆயினும் ஏற்றின் முன் நிற்பவன் ஓர் இளைஞன். பந்தாடுபவள் ஒரு தலைவி. நெய்தற் கரையில் தலைவியோடு மணல்வீடு கட்டி மகிழும் தோழியர் கூட்டத்தை 'ஆயம்' என்கிறோம். அவர்களுள் எவர்க்கும் பெயரில்லை. நம்மிடம் ஆயம் உண்டு, அணி இல்லை.

இதனை வேம்பாரில் நின்று சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. முத்துக்குளித்துறையின் ஏழூர்களுள் வடகோடியில் நிற்கும் ஊர் இது. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கியவர் ஒருவர். படகில் நின்று அவர் கயிற்றைப் பிடித்திருந்தவர் மற்றொருவர். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். சற்றே கண்ணயர்ந்தாலும் ஓர் உயிர் போகும். 1961-க்குப் பின் தூத்துக்குடிக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நிகழவில்லை. முத்தெடுத்தவரைப் பாடிய நாம், கயிறு பிடித்தவரைப் பாடினோமா? சிவதாஸ் தள்ளிய பந்து அந்தக் கயிற்றுக்கு இனமானது. அடித்தவர் பெயரோடு தள்ளியவர் பெயரும் நிற்பது, வங்காளத்தார் இருவரையும் எழுதி வைத்ததால்தான்.

அவர்கள் பதினொருவரையும் எழுதி வைத்தனர். நீங்கள் இசைந்தால் அப்பெயர்களை இங்கே படிக்கிறேன்: ஹீராலால் முகர்ஜி, பூதி சுகுல், சுதிர் சட்டர்ஜி, மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா, கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜயதாஸ் பாதுரி, சிவதாஸ் பாதுரி. நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஒரு பெயர் கூட உதிரவில்லை. சூலை 29-ஐ அவர்கள் கழகம் இன்றும் தன் நாளாகக் கொண்டாடுகிறது.

நம் கரையிலும் பந்து உருண்டிருக்கிறது. வலையை உலர்த்திவிட்டு மாலையில் ஈரமணலில் ஆடியவர்கள் உண்டு. பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஆடியவர்கள் உண்டு. அவர்களுள் முதியோர் பலர் நம் தெருக்களிலேயே திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களோடு அவர்கள் அணியின் பெயர்களும் மறைந்துவிடும். அதைக் காக்கப் பல்கலைக்கழகம் வரவேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த ஆண்டுக்குள் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஓர் அணியைத் தேர்ந்து, பதினொருவர் பெயரையும் கேட்டு எழுதி வாருங்கள். பெண்கள் ஆடிய அணியெனில் இருமடங்கு மகிழ்வேன். வென்ற அணியாக இருத்தல் வேண்டா. கோலடித்தவரை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். பந்தைத் தள்ளியவர் யார் என்றும் கேளுங்கள். கவிதை அதன்பின் வரட்டும். பெயர்கள் முதலில் வரட்டும்.

பத்தாண்டுகளாக நாற்காலி எடுத்துப் போட்டவரும், அழைப்பிதழுக்கு அஞ்சல்தலை ஒட்டியவரும் இவ்வவையில் இருக்கின்றனர். இம்மலரில் அவர்கள் பெயர்களும் இடம்பெறும் என நம்புகிறேன்.