மூச்சு நின்றவருக்கு அருகில் நிற்பவர் செய்யத்தக்க உதவி



துடியலூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில், கிணற்று மோட்டாரைத் தொட்ட குடியானவர் ஒருவர் மின்சாரம் தாக்கிச் சாய்ந்தார் என்று கொள்க. அக்கம்பக்கத்தார் ஓடி வருகின்றனர். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார். ஒருவர் கையில் சாவியைத் திணிக்கிறார். ஒருவர் வண்டி தேடி ஓடுகிறார். மற்றவர்கள், "நமக்கு வைத்தியம் தெரியாது, எதையாவது செய்து கெடுத்துவிடக் கூடாது" என்று கைகட்டி நிற்கின்றனர். இவ்வாறு வாளாவிருப்பதே அம்மனிதருக்கு நேரும் பெருங்கேடு என்பதை விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

இருதயமானது இரத்தத்தை உடலெங்கும் இறைக்கும் ஒரு பம்பு. அது நின்ற நாலைந்து நிமிஷங்களுக்குள் மூளை கெடத் தொடங்குகிறது. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைந்து போகிறது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடி வருகிறது. எனினும், அது மேட்டுப்பாளையம் ரஸ்தாவை விட்டு இட்டேரியில் திரும்பித் தோட்டம் வந்து சேரச் சில நிமிஷங்கள் ஆகியே தீரும். அந்தச் சில நிமிஷங்களுக்கு அருகில் நிற்பவரைத் தவிர வேறு கதியில்லை.

மோட்டார் வந்த பின்பும், மின்சாரம் நின்ற நாளில் கவலை பூட்டி இறைத்த குடியானவர் உண்டு. கவலை மோட்டாருக்கு ஈடாகாது. ஆயினும் பயிரை வாடவிடாது காத்தது. மார்பை அழுத்துவதும் அத்தகையதே.

இம்முறையை 1960-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர். இவர்களில் கௌவன்ஹோவன் வைத்தியர் அல்லர், மின்சார எஞ்சினீயர். மின்சாரம் தாக்கி மாண்ட தொழிலாளரைக் காக்கும் வழி தேடியே அவர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

பயிற்சி இல்லாதவர் செய்ய வேண்டுவன வருமாறு:

1. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. நிறுத்துமுன் விழுந்தவரைத் தொடலாகாது; தொட்டால் இருவர் உயிரும் போகும்.

2. தோளைத் தட்டி உரக்க அழைக்க. பதிலின்றி, மூச்சும் இன்றியோ, விட்டுவிட்டு இழுக்கும் மூச்சுடனோ இருந்தால் இருதயம் நின்றதாகவே கொள்க. ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்க.

3. அவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மற்றொரு கையை அதன்மேல் வைக்க.

4. முழங்கை மடங்காமல் 5 செண்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குல ஆழம் அழுத்துக. 6 செண்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் எழும்ப விடுக. நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை அழுத்துதல் வேண்டும்.

5. இரண்டு நிமிஷங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுக. உதவி வரும்வரை நிறுத்தலாகாது.

வைத்தியரின் வேலையோ வேறு. அவர் 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு வீதம் காற்றூட்டுவார், பிராணவாயு கொடுப்பார், தாறுமாறாய்த் துடிக்கும் இருதயத்தைக் கருவியின் மின் அதிர்ச்சியால் நேராக்குவார், மருந்தேற்றுவார்.  பயிற்சியற்றவர் அழுத்தினால் மட்டும் போதும் என்பதே இந்திய மயக்க மருந்து வைத்தியர் சங்கத்தார் 2017-இல் வெளியிட்ட விதி. கிணற்றில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் மூச்சூட்டுதலும் அவசியமே. அதற்குப் பயின்றவர் இல்லாவிடில் அழுத்துவதேனும் நிகழட்டும். மூழ்கியவரைத் தலைகீழாய்ப் பிடித்துச் சுழற்றுதல் வீண் காலக்கழிவு.

விலா எலும்பு முறியுமே என்று சிலர் அஞ்சுவர். முறிவதும் உண்டு. முறிந்த எலும்பு கூடும். போன உயிர் மீளாது. போலீஸ் விசாரணை வருமே என்று அஞ்சுவாரும் உளர். ரஸ்தா விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோரைக் காக்கும் விதிகளைச் சுப்ரீம் கோர்ட்டு 2016-இல் உறுதிப்படுத்தியது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019-இல் அதற்கென 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

புத்தகம் படித்து நீச்சல் கற்றவர் இல்லை. ஆகவே சங்கங்கள் தத்தம் மகாசபைக் கூட்டத்தன்று அரை மணி நேரம் ஒதுக்கி, ஆஸ்பத்திரியிலிருந்து பயின்றவரை வரவழைத்து, பொம்மையின்மீது ஒவ்வொரு அங்கத்தினரும் அழுத்திப் பழகச் செய்தல் நலம். பெண்டிரும் வாலிபரும் கட்டாயம் பழகுதல் வேண்டும். ஏனெனில் விழுபவர் பெரும்பாலும் தம் வீட்டிலேயே விழுகிறார்.

ஒவ்வொருவரும் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒவ்வொருவருக்காகவும் என்பது கூட்டுறவின் மூலதர்மம். கடனுக்கு ஜாமீன் நிற்கும் அயலார், உயிருக்கும் ஜாமீன் நிற்பாராக.