உறுப்பினர் பட்டியலும் நெடுங்கணக்கும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு நின்று ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்தவன் கணிப்பொறியைப் பற்றிப் பேசலாமா என நீங்கள் எண்ணலாம். பட்டியல் எழுதுவதே என் தொழில்; அந்த உரிமையில் பேசுகின்றேன். என் மகன் கல்லூரிப் பயிற்சிக்காக நம் சங்க உறுப்பினர் பட்டியலைப் பைத்தான் மொழியில் அமைத்தான். உடனிருந்து கற்றதையே இங்குக் கூறுவேன்.

எண்களைத் தந்தால் இயந்திரம் தானே வரிசைப்படுத்தும். 'உறுப்பினர்' என்பதோ எண் அன்று. பெயர், சேர்ந்த ஆண்டு, குவார்ட்டர்ஸ் எண் ஆகியவற்றை ஒன்றாய்க் கட்டி நாமே படைத்த ஆப்ஜெக்ட் அது. அத்தகைய இருவருள் முந்தியவர் யாரெனக் கேட்டால், பைத்தான் விடை தர மறுத்துவிடும். மறுப்பது நியாயமே! எந்தத் தேதியைக் கொண்டு என்று சொல்லாமல் சீனியாரிட்டி லிஸ்ட் போட்டால் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே 'கீ' என்னும் அளவுகோலை நாமே வகுத்துத் தரவேண்டும்.

சேர்ந்த ஆண்டை அளவுகோலாய்த் தந்தோம். ஓராண்டில் சேர்ந்தோர் பலராயின்? 2002-இல் டிம் பீட்டர்ஸ் என்பார் பைத்தானுக்கென ஆக்கிய டிம்சார்ட் முறை, சமமானோரை முன்பிருந்த வரிசையிலேயே நிறுத்தும். எனவே முதலில் பெயரால் அடுக்கிப் பின்னர் ஆண்டால் அடுக்கினால் போதும்.

வினை வந்தது பெயர் வரிசையில்தான். பழனியப்பர் முன்னும் பவளக்கொடியார் பின்னும் நின்றனர்! ய, ர, ல, வ, ழ, ள என்று ஓதியோர்க்கு இது பொறுக்குமா? தேவநாகரியை ஒட்டி அமைந்த 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அட்டவணையைத் தழுவியே யூனிகோடு நம் எழுத்துகளுக்கு எண்ணிட்டது. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் உள்ளன. பைத்தான் அவ்வெண்களையே ஒப்பிடுகின்றது.

பரிகாரம் எளிது. ககரத்திற்கு 1, னகரத்திற்கு 18 என நம் முறைப்படி எண் தந்து, புள்ளியை உயிர்க்குறிகளுக்கு முன்னே வைத்து, அதனையே கீயாக்கலாம். ஆனால் அந்தப் பதினெட்டின் வரிசை, இந்தி வழியில் பயின்ற என் மகனுக்குத் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து அவன் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டான். நம் காலனியில் இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்நிலையில் உள்ளனரோ!

ஜ, ஸ, ஹ எழுத்துகளில் தொடங்கும் பெயரினரை இறுதியில் வைத்துள்ளோம், கோபம் வேண்டா. பட்டியல் மண்டப வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. தங்கள் பெயர் இடம் மாறியிருப்பின் என் மகனிடமே தெரிவியுங்கள்.