காலியாக ஒரு தட்டு



படிப்புக்கும் வேலைக்கும் கடல் கடந்து போன நம் பிள்ளைகள் அங்கேயே மணம் முடிப்பது இன்று புதிதல்ல. மணமக்களை மனதார ஆசீர்வதித்த பெற்றோருக்கும் டிசம்பர் வந்தால் நெஞ்சு கனக்கிறது. "அங்கே என்ன கிறிஸ்மஸ் கொண்டாடுவாளோ?" என்கிறோம். பிரியாணி இல்லாததா நம் வருத்தம்? பிள்ளை முழுக்க அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாளோ என்பதுதான்.

போலந்து நாட்டுக் குடும்பம் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். அங்கே டிசம்பர் 24 மாலை விருந்துதான் பெரிது. விகிலியா என்பார்கள். வானில் முதல் விண்மீன் தெரிந்த பிறகே பந்தி. மேசைவிரிப்பின் அடியில் கொஞ்சம் வைக்கோல், தீவனத் தொட்டியின் நினைவாக. இறைச்சி கிடையாது. பீட்ரூட் சூப், கெண்டை மீன் என மரபுப்படி 12 வகை. ஆட்டுக்கறி வாசனையோடு வளர்ந்த மருமகளுக்கு முதல் ஆண்டு கண் கலங்கத்தான் செய்யும்.

எதிர்பாராமல் வரும் விருந்தினருக்காக ஒரு தட்டு காலியாக இருக்கும். அருமையான வழக்கம். ஆனால் வராத விருந்தினருக்கு இடம் வைப்பது எளிது. வந்தேவிட்ட வேற்றுநாட்டு மருமகளுக்கு? நாற்காலி மட்டும் போதாது, அவள் சமைத்த ஒரு குழம்புக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும். இது அவர்களுக்கு மட்டுமா? வெளிநாட்டு மருமகன் கையால் சாப்பிடத் தடுமாறும்போது நாமும் சிரிக்கிறோமே!

பெத்லகேமுக்கு இது பழகிய கதை. மோவாபுப் பெண்ணான ரூத்து, கணவரை இழந்த பின்னும் மாமியார் நகோமியைப் பிரியாமல் அவ்வூருக்கு வந்தார். கதிர் பொறுக்க வந்த அவரைப் போவாசு உணவு வேளையில் அழைத்து, அறுவடை செய்வோர் அருகே அமர்த்தி, வறுத்த தானியம் கொடுத்தார். ரூத்து வயிறார உண்டு, மீதியை மாமியாருக்கு எடுத்துப் போனார். ஆண்டவரின் மூதாதையர் பட்டியலில் மத்தேயு இந்த வேற்றினத்து மருமகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறார்.

விகிலியாவில் உண்ணுமுன் ஒப்வாத்தெக் என்னும் மெல்லிய வெள்ளை அப்பத்தைப் பகிர்வார்கள். ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் சிறிது பிட்டு, வாழ்த்துச் சொல்லி, மனத்தாங்கல் இருந்தால் மன்னித்து உண்பார்கள். மொழி தெரியாத சம்பந்திகளுக்கு இதைவிட நல்ல பேச்சு ஏது? தூரத்து உறவினருக்குத் தபாலில் அனுப்புவதும் உண்டு. நம் வீட்டுக்கு அப்படி ஓர் உறை வந்தால் தயங்க வேண்டாம். அது நற்கருணை அல்ல. கண்ணாடி அலமாரியில் வைக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு இந்துச் சகோதரருக்கும் ஒரு துண்டு கொடுக்கலாம். அங்கே மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். அப்போது நமக்கு இரவு 8.30. பிள்ளையோடு காணொளியில் பேசி, அவர்கள் பிடும்போது நாமும் பிட்டு உண்டு, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்பட நேரம் இருக்கிறது.