தூண்டிற்கோலின் வலிமை



தூண்டில் என்றதும் ஒரு மூங்கிற் கழி, அதன் நுனியில் ஒரு நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், ஒரு மண்புழு ஆகிய இவையே உங்களுள் பலருக்கு நினைவில் எழும். அறுபது வயது கடக்கும் வரையில் எனக்கும் அவ்வளவே தெரிந்திருந்தது. 'கழி எவ்வளவு உறுதியாய் இருத்தல் வேண்டும்?' என்று எவரேனும் வினவியிருந்தால், 'பெரிய மீனுக்குப் பெரிய கழி, சிறிய மீனுக்குச் சிறிய கழி' என்று விடை கூறி, வினவியவரை உட்காரச் சொல்லியிருப்பேன். முப்பதாண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவனுக்குத் தனக்குத் தெரியாத வினாவே இல்லை என்னும் ஓர் எண்ணம் தானாகவே வளர்ந்துவிடுகிறது. என்னிடம் வளர்ந்திருந்த அவ்வெண்ணத்தை இங்கிலாந்து தேசத்து ஆறு ஒன்று போக்கியது. அதற்கு விலையாகப் போனது ஒரு மீனின் உயிர்.

2022ஆம் ஆண்டுக் கோடையில் ரெடிங் நகரில் வாழும் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். தேம்ஸ் ஆற்றோடு கென்னெட் என்னும் சிற்றாறு கலக்குமிடம் அந்நகர். என் பேரனுக்கு அப்போது வயது பதினான்கு. அங்கே ஆறுகளில் மார்ச்சு 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் இடலாகாது. மீன்கள் இனம்பெருக்கும் காலம் அது. பதின்மூன்று வயது நிரம்பியவர் எவரும் அரசாங்க உரிமச் சீட்டின்றிக் கோலைத் தொடலாகாது. பேரன் உரிமச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஜூன் 16ஆம் நாளை நம் சிறுவர் தீபாவளியை எதிர்பார்ப்பதுபோல் எதிர்பார்த்திருந்தான்.

ஆங்கிலேயர் தம் நன்னீர் மீன்களை இரண்டு வகுப்பாகப் பிரித்திருக்கின்றனர். சால்மன், டிரவுட் முதலியன ஒரு வகுப்பு; அவை பெரும்பாலும் நிலக்கிழார்களின் ஆறுகளில், மிகுந்த கட்டணத்தின்பேரில் பிடிக்கப்பட்டவை. எஞ்சியன எல்லாம் 'கோர்ஸ்', அதாவது பரும்படியான மீன்கள். ரோச், சப், டென்ச், பிரீம், கார்ப், பார்பெல் என்பன இவ்வகுப்பின. இப்பெயரில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் பழைய வாடை சற்று வீசுகிறதன்றோ? ஆயினும் தொழிலாளரும் தச்சரும் சுரங்க வேலையாளரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிச் சென்றவை இம்மீன்களே. இவற்றைப் பிடிப்போர் இன்று பெரும்பாலும் உண்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, பார்த்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். இது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். இதைப்பற்றி எனக்கே முழு மன நிறைவு இல்லை. ஆனால் விடுவதாகச் சொல்லிப் பிடிப்பவன், அம்மீன் பிழைக்கும்படி விடக் கடமைப்பட்டவன் ஆகிறான். என் பிழை இவ்விடத்திலேதான் நேர்ந்தது.

பார்பெல் என்பது நம் கெண்டைக் குடும்பத்து மீன். 'பார்பா' என்றால் இலத்தீன் மொழியில் தாடி. அதன் வாயோரத்தில் தொங்கும் நான்கு மீசைகளால் வந்த பெயர் அது. காவிரியில் முற்காலத்தில் பேருருவமாய் வளர்ந்ததும், இன்று முற்றிலும் அழிந்துபோகும் அபாயத்தில் இருப்பதுமான மாசீர் மீன் இதற்கு உறவு. தட்டையான வயிறும், கீழ்நோக்கிய வாயும், அகன்ற முன்துடுப்புகளும் கொண்ட பார்பெல், ஆற்றின் அடித்தளத்தை ஒட்டி, விரைந்தோடும் நீரை எதிர்த்து நிற்பதற்கென்றே அமைந்த உடல் உடையது. பிடிபட்டால் அது மேலே வந்து துள்ளாது, அடியிலேயே ஓடும். தன் ஆற்றலின் கடைசித் துளி தீரும் வரை எதிர்த்துப் போராடும். வேறு பல மீன்கள் களைத்தவுடன் பணிந்துவிடும். பார்பெல் பணிவதை அறியாது. அதன் பெருமையும் அதுவே, அதற்குக் கேடும் அதுவே.

கடைக்குச் சென்றோம். கடைக்காரர் என் பேரனிடம், 'எந்த ஆறு? எந்த மீன்? எவ்வளவு எடையுள்ள ஈயம் கட்டுவாய்?' என்று மூன்று வினாக்களை எழுப்பினார். சிறுவன் விழித்தான். நான் குறுக்கிட்டு, 'இலேசானதாக ஒன்று கொடுங்கள், சிறுவன் கைக்கு ஏற்றதாக' என்றேன். பதின்மூன்றடி நீளமும், நாணல்போல் மெல்லிய நுனியும் உடைய கோல் ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. அது ரோச் முதலிய சிறு மீன்களுக்கு உரியது என்று கடைக்காரர் கூறினார். அச்சொல்லை என் காது கேட்டது, மனம் கேட்கவில்லை. மூன்று ராத்தல் இழுப்பைத் தாங்கும் நரம்பும் வாங்கிக்கொண்டோம். ராத்தல் என்பது இன்று உங்கள் வாய்பாட்டில் இல்லை. அது ஏறக்குறைய 454 கிராம்.

ஜூலைத் தொடக்கத்தில் ஒரு மாலை, பேரனின் தூண்டிலில் ஆறு ராத்தல் எடையுள்ள பார்பெல் ஒன்று சிக்கிற்று. கோல் வில்லாய் வளைந்தது. சிறுவன் இழுப்பான், மீன் ஓடும், அவன் மீண்டும் இழுப்பான். கரையில் நின்றோர் கூடிவிட்டனர். நான் கைதட்டி ஊக்கினேன். முப்பத்தைந்து நிமிடங்கள் இப்போராட்டம் நடந்தது. இறுதியில் மீன் வலைக்குள் வந்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்ல இப்போது நாணுகிறேன். பேரன் முள்ளை மெல்ல எடுத்து மீனை நீரில் விட்டான். அது மல்லாந்து மிதந்தது.

எங்கள் அண்டை வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தச்சர், அன்று எங்களுடன் வந்திருந்தார். அவர் காலணியோடு ஆற்றில் இறங்கி, மீனின் முகத்தை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்பி, இரு கைகளாலும் தாங்கி நின்றார். செவுள்களின் வழியே நீர் செல்லும்பொருட்டு அவ்வாறு செய்வர். அரை மணி நேரத்திற்கு மேல் நின்றார். மீன் மீளவில்லை. பேரன் அழுதான். கரையேறிய பெரியவர் அவனைக் கடியவில்லை; என்னையும் கடியவில்லை. 'நாளைக் காலையில் அந்தக் கோலை என் பட்டறைக்கு எடுத்து வாருங்கள்' என்றார்.

மறுநாள் அவர் செய்து காட்டிய சோதனையை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஒரு மூங்கிற் பிளாச்சைக் கொண்டு நீங்களும் செய்து பார்க்கலாம். கோலின் கைப்பிடியை மேசையின்மேல் கிடைமட்டமாக வைத்து இறுக்கினார். வளையங்களின் வழியே நரம்பைச் செலுத்தி, அதன் முனையில் ஒரு சுருள்வில் தராசை மாட்டினார். கோலின் நுனி நேரே தரையை நோக்கும் வரையில், அதாவது நுனியும் கைப்பிடியும் ஒன்றற்கொன்று செங்கோணமாகும் வரையில், தராசைக் கீழே இழுத்தார். அப்போது தராசின் முள் காட்டும் அளவே அக்கோலின் 'டெஸ்ட் கர்வ்'. நாம் சோதனை வளைவு எனலாம். எங்கள் கோல் அரை ராத்தலுக்குச் சற்றே மிகுதியாகக் காட்டிற்று. பார்பெல்லுக்கு அவர் வைத்திருந்த கோல் ஒன்றே முக்கால் ராத்தல் காட்டிற்று. நிறையும் நீளமும் கையிற் பிடிக்கும் சுகமும் இவ்விரண்டிற்கும் அதிகம் வேறுபடவில்லை. வேறுபாடு முழுவதும் அந்தத் தராசின் முள்ளில் இருந்தது.

இம்முறையை ஆங்கிலத் தூண்டில்காரரிடையே பரப்பியவர் ரிச்சர்ட் வாக்கர். பொறியியல் அறிவு வாய்ந்த அவர், 1952 செப்டம்பர் 13ஆம் நாள் ரெட்மயர் என்னும் குளத்தில் 44 ராத்தல் எடையுள்ள கார்ப் மீனைப் பிடித்தார். அம்மீன் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. கார்ப் மீனுக்கென அவர் வகுத்த 'மார்க் நான்கு' என்னும் பத்தடிக் கோலின் சோதனை வளைவு எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? ஒன்றரை ராத்தல்! அது மூங்கிலை முக்கோணப் பட்டைகளாய்ச் சீவி, ஆறு பட்டைகளை ஒட்டிச் செய்த கோல். மூங்கில் தென்சீனத்தினது, வேலைப்பாடு இங்கிலாந்தினது. பின்னாளில் கண்ணாடி இழையும், 1970களில் கரி இழையும் வந்து மூங்கிலைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. ஆனால் அளக்கும் முறை மாறவில்லை.

நாற்பது ராத்தல் மீனுக்கு ஒன்றரை ராத்தல் கோல் எவ்வாறு போதும்? இவ்வினாவிற்கு விடை உங்கள் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. நீரில் மூழ்கிய பொருள் தான் விலக்கிய நீரின் எடையளவு எடை குறையும் என்று படித்திருக்கிறீர்கள். மீனோ நீரில் மிதந்து நிற்பது; ஆற்றுக்குள் அதற்கு எடையே இல்லை எனலாம். ஆகவே கோல் மீனின் எடையைத் தூக்குவதில்லை. மீனின் தசை உந்தும் விசையையும், அதன்மேல் மோதும் நீரோட்டத்தின் இழுவிசையையும் எதிர்த்து நிற்கிறது. நீரின் வேகம் இருமடங்கானால் இழுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரே பார்பெல்லுக்குக் கோடையில் சிற்றாற்றில் ஒரு கோலும், மழைக்காலத்துப் பெருவெள்ளத்தில் வேறொரு கோலும் வேண்டியிருப்பது இதனாலேயே. கடைக்காரர் முதலில் 'எந்த ஆறு?' என்று கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கோல் நரம்போடு ஒத்துப்போதலும் வேண்டும். சோதனை வளைவை ஐந்தால் பெருக்கினால் அக்கோலுக்குரிய நரம்பின் வலிமை ஏறக்குறையக் கிடைக்கும் என்பது வாக்கர் காலத்திலிருந்து வழங்கும் கணக்கு. ஒன்றரை ராத்தல் கோலுக்கு ஏழரை ராத்தல் நரம்பு. ஐந்து மடங்கு ஏன்? முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பு வலிமை குறைகிறது. கல்லில் உராய்ந்து தேய்கிறது. மீன் திடீரென ஓடும்போது வெட்டி இழுக்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் இடம் விட்டே அக்கணக்கு அமைந்தது. வீசும் ஈயத்திற்கும் இதுபோல ஒரு கணக்கு உண்டு: ராத்தலுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம். இன்றைய கரி இழைக் கோல்கள் இக்கணக்குகளுக்கு இருபுறமும் சற்றுத் தாராளமாக இடம் கொடுக்கின்றன. ஆயினும் தொடங்குவோருக்கு இவையே நல்ல வழிகாட்டிகள்.

பெரியவர் சொன்னவற்றை அளவுகளோடு தருகிறேன். சப், டென்ச் போன்றவற்றுக்கு ஒன்றேகால் ராத்தற் கோல் போதும். சிறிய, நடுத்தர ஆறுகளில் பார்பெல்லுக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால். செவெர்ன் போன்ற பேராறு பெருகி ஓடுகையில், மூன்று நான்கு அவுன்ஸ் ஈயமுள்ள இரைக்கூட்டை அடித்தளத்தில் நிறுத்தவேண்டுமாயின் இரண்டு அல்லது இரண்டேகால். (செவெர்ன் ஆற்றில் பார்பெல் இயற்கையாக இருந்ததில்லை, 1956இல் கென்னெட் ஆற்றிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்று அங்குள்ளவை.) ஏரியில் நெடுந்தொலைவு வீசிக் கார்ப் பிடிப்போர் மூன்று ராத்தலுக்கும் மேற்பட்ட கோல்களை வைத்திருப்பதுண்டு.

அவ்வாறாயின் எல்லாவற்றிற்கும் வலிய கோலையே வாங்கிவிடலாமே என்று என் பேரன் கேட்டான். நல்ல வினா. ரோச் மீனின் வாய் மெல்லியது; அதற்கிடும் முள் நுண்ணியது; நரம்பு இரண்டு மூன்று ராத்தலே தாங்கும். விறைத்த கோலால் இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது நரம்பு அறுந்து, முள்ளோடு மீன் போய்விடும். கோல் வளைவது அதன் குறையன்று. அது ஒரு நெம்புகோல். ஆனால் மீனுக்குச் சாதகமான நெம்புகோல். பன்னிரண்டடிக் கோல் நிமிர்ந்திருக்கையில், நுனியில் விழும் ஒரு ராத்தல் இழுப்பும் பிடித்திருப்பவன் கையை வலிக்கச் செய்யும். கோல் வளைய வளைய, கைப்பிடிக்கும் நரம்பின் கோட்டிற்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. பருத்த அடிப்பகுதி வேலை செய்யத் தொடங்குகிறது. பிடிப்பவன் கை வலுப்பெறுகிறது. மீனின் திடீர் ஓட்டங்களை அவ்வளைவு வாங்கிக்கொள்ளவும் செய்கிறது.

இனி எங்கள் மீன் இறந்த காரணத்திற்கு வருகிறேன். மெல்லிய கோல் ஒவ்வொரு ஓட்டத்தையும் தணித்துக் கொடுத்தது. ஆகையால் நரம்பு அறவில்லை, கோலும் முறியவில்லை. எங்கள் கருவிகளுக்கு ஒரு தீங்கும் இல்லை. அரை ராத்தல் விசையால் அந்த மீனை அடக்க முடியாமையால், அது முப்பத்தைந்து நிமிடம் தன்னைத்தானே எரித்துக்கொண்டது. காலமும் கொடியது. அதே மாதம் 19ஆம் நாளன்று பிரிட்டனில் வெப்பம் முதன்முறையாக 40 பாகை செல்சியசைக் கடந்தது. அதற்கு முன்பே ஆறு வற்றி, நீர் வெதுவெதுப்பாகிவிட்டது. பத்துப் பாகை வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியாகப் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். இருபத்தைந்து பாகையில் எட்டேகாலே கரையும். களைத்த மீனுக்கு மூச்சு மிகுதியாய் வேண்டிய வேளையில், நீரில் அது குறைவாக இருந்தது. அத்தகைய நாளில் எக்கோலும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்திருக்கவேண்டும். அதை எனக்குச் சொல்ல எவரும் இல்லை என்று நான் கூற இயலாது, ஆறே சொல்லிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் இறுதியில் நீர் குளிர்ந்தது. பேரன் தன் சேமிப்பிலிருந்து பன்னிரண்டடி நீளமும் ஒன்றே முக்கால் ராத்தல் சோதனை வளைவும் உள்ள பழைய கோல் ஒன்றைப் பெரியவரின் துணையோடு விலைக்கு வாங்கினான். நரம்பு பத்து ராத்தல். மாலை ஆறு மணிக்கு ஒரு பார்பெல் பிடித்தது. இம்முறை நான் கைதட்டவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நிமிடத்தில் மீன் கரையோரம் வந்தது. முடிச்சில்லாத மெல்லிய வலையில் ஏந்தி, நீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றினான். பார்பெல்லின் முதுகுத் துடுப்பில் பற்களுள்ள முள் ஒன்று உண்டு. சாதாரண வலையில் அது சிக்கிக் கிழியும். பின்பு முழங்கால் நீரில் மண்டியிட்டு, அதன் முகத்தை ஓட்டத்திற்கு எதிரே வைத்துத் தாங்கினான். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம். செவுள்கள் சீராக அசைந்தன. 'தாத்தா, வால் என் கையைத் தள்ளுகிறது' என்றான். அடுத்த கணம் அவன் கைகள் வெறுமையாய் இருந்தன.

'எத்தனை ராத்தல் இருக்கும்?' என்று நான் கேட்டேன். நிறுக்கவில்லை என்றான். தராசு பையிலேயே இருந்தது.