சூழ்ச்சியும் ஆர்ஜவமும்
(தசலக்ஷண பர்வத்தின் மூன்றாம் நாளாகிய உத்தம ஆர்ஜவ தினச் சொற்பொழிவு)



சூழ்ச்சி என்றவுடன் பிறரைக் கெடுக்கும் வஞ்சகமே இன்று நினைவுக்கு வருகின்றது. இச்சொல்லின் பழம்பொருள் அதுவன்று. சூழ்தல் என்பது ஒன்றை நாற்புறமும் சுற்றிநோக்கி ஆராய்தல். திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரம் இச்சொல்லோடுதான் தொடங்குகின்றது. அங்கே அதற்கு ஆராய்ச்சி என்பதே பொருள்.

நற்பொருள் தீப்பொருளாய்த் திரிவதைத் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி காட்டுகின்றது. விசயைமேல் கொண்ட காதலால் சச்சந்தன் அரசாட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். மன்னனுக்காகச் சூழ வேண்டியவன் மன்னனையே சூழ்ந்து அழித்தான். ஆயினும், வரப்போகும் தீங்கை எண்ணிச் சச்சந்தன் முன்னரே மயிற்பொறி ஒன்றைச் செய்வித்திருந்தான். கருவுற்றிருந்த விசயை அதிலேறித் தப்பினாள், சீவகன் பிறந்தான். இரண்டும் சூழ்ச்சியே. ஒன்று நம்பியவரைக் கெடுத்தது. மற்றொன்று நம்பியவரைக் காத்தது.

கெடுக்கும் சூழ்ச்சிக்கு நம் ஆகமம் இட்ட பெயர் மாயை. மனத்தில் ஒன்று, சொல்லில் ஒன்று, செயலில் ஒன்றாக நிற்கும் கோணலே அது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் மூன்றாவது. அதன் மிகக் கொடிய நிலைக்கு மூங்கில் வேரின் முறுக்கை உவமை கூறுவர். விலங்குகதி ஆயுளுக்கு மாயை காரணம் என்கின்றது தத்துவார்த்த சூத்திரம். மாயை, மித்யாத்வம், நிதானம் என்னும் மூன்று சல்லியங்களும் நீங்கியவனே விரதி என்றும் அந்நூல் விதிக்கின்றது. சல்லியமாவது உள்ளே தைத்த முள். பாகப்பிரிவினையில் தம்பி அறியாமல் ஒரு பத்திரத்தை மறைத்து வைத்தவன் பத்து நாளும் உபவாசம் இருப்பினும், முள் உள்ளேயே இருக்கின்றது.

அன்று நல்ல சொல் ஒன்று தாழ்ந்தது. இன்றோ தீய குணம் நல்ல சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றது. எடையில் குறைத்து விற்று வந்த மகனைச் 'சாமர்த்தியசாலி' என்று வீட்டார் மெச்சும்போது, மாயைக்கு அவர்களே மாலையிடுகின்றனர். அக்குழந்தையும் அதையே அறமென்று கற்கின்றது.

அறிவைக் கைவிடும்படி ஆர்ஜவம் கூறவில்லை. அதன் கோணலை நிமிர்த்தவே கூறுகின்றது. ஒவ்வொருவரும் தமக்குள் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இந்த எண்ணத்தை, தம்மை நம்பியிருப்பவரிடம் அப்படியே சொல்ல இயலுமா? இயலுமாயின் அது ஆராய்ச்சி. இயலாதாயின் அது மாயை. அந்த முள்ளை இன்றே களைந்தெறிதல் நன்று.

ஜைனம் ஜயது சாஸனம்!