ஆய்வு வழியை நாடும் பிள்ளைக்கு ஒரு தவணை

(மிசிசாகாவில் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்குமான ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியலில் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளை உள்ள தமிழ் வீட்டில் பெரும்பாலும் இரண்டு சொற்களே ஒலிக்கின்றன: மருத்துவம், பொறியியல். "ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று பிள்ளை கூறினால், "அதற்குப் பிறகு என்ன வேலை?" என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வி பேராசையில் பிறந்ததன்று. புதிய நாட்டில் இரண்டு வேலை பார்த்து, வீட்டுக் கடன் கட்டி வளர்த்தவர்களின் அச்சத்தில் பிறந்தது. ஆகவே அதற்கு நேர்மையான விடை வேண்டும்.

1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் வாழ்க்கை அவ்விடையைத் தருகிறது. அவர் ஐ.ஐ.டி.யிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சேர முயன்றார். இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. தந்தையின் விருப்பம் மருத்துவம். தேசிய அறிவியல் திறன் உதவித்தொகை கிடைத்தால் அடிப்படை அறிவியல் படிக்கலாம் என்று தந்தையும் மகனும் உடன்பட்டனர். உதவித்தொகை கிடைத்தது. மகன் பரோடாவில் இயற்பியல் பயின்றார். தந்தையும் சொன்ன சொல் காத்தார்.

1976-இல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தம் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்தார். குடும்பத் தலைவரான பின்னும் மீண்டும் மாணவராகி உயிரியலைத் தொடக்கத்திலிருந்து கற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில், உயிரணுக்களில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வில் இறங்கினார். அதன்பின் ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பணி கிடைக்கவில்லை. 1999-இல் குறைந்த சம்பளத்தை ஏற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சென்றார். 2000-இல் ரைபோசோமின் சிறு பகுதியின் அணு அமைப்பை அவர் குழு வெளியிட்டது. சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதும் அதனால் தெளிவாயிற்று. 2009-இல் வேதியியல் நோபல் பரிசை மூவருள் ஒருவராகப் பெற்றார்.

நோபல் பரிசு எல்லோர்க்கும் வருவதன்று. பெற்றோர் நோக்க வேண்டியது பரிசுக்கு முந்தைய ஆண்டுகளையே. கனடாவில் அறிவியல் முனைவர் பட்ட மாணவர்க்குப் பொதுவாக உதவித்தொகை உண்டு. ஆயினும் அது தொழில்முறைச் சம்பளத்தைவிட மிகக் குறைவு. பட்டத்தின் பின்னும் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணி, பெரும்பாலும் வேறு நகரில் அல்லது வேறு நாட்டில். நிரந்தரப் பேராசிரியர் பதவி அனைவர்க்கும் கிடைப்பதில்லை. பலர் தொழிற்றுறைக்கும் அரச ஆய்வகங்களுக்கும் செல்கின்றனர். இவற்றை மறைத்து ஊக்கம் ஊட்டுவது பிள்ளைக்குச் செய்யும் நன்மையன்று.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. ராமகிருஷ்ணனின் தந்தையும் தாயும் ஆய்வாளர்கள். தாயார் 1959-இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்டம் பெற்றவர். நம் வீடுகள் பலவற்றில் அத்தகைய வழிகாட்டல் இல்லை. அதை வெளியே தேடித் தரவேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று 1967 முதல் மிசிசாகாவிலேயே இயங்குகிறது. கனடிய அரசின் இயற்கை அறிவியல், பொறியியல் ஆய்வு மன்றம் இளங்கலை மாணவர்க்கு ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. ஒரு கோடைக்காலம் ஆய்வகத்தில் கழித்த பிள்ளை, அந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்பதைத் தானே அறிந்துகொள்ளும்.

இளையோர்களே, பெற்றோரிடம் கனவை மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை ஆண்டு, என்ன வருவாய், இவ்வழி அடைபட்டால் அடுத்த வழி என்ன என்பதையும் எழுதிக் காட்டுங்கள்.

பெற்றோர்களே, பரோடாவில் ஒரு தந்தை செய்தது போல் நீங்களும் ஓர் உடன்பாடு செய்யுங்கள். தவணை குறியுங்கள், அதுவரை "எப்போது வேலை?" என்று கேளாதிருங்கள். பிள்ளை தொலைவிடம் போகுமே என்று அஞ்சுகிறோம். நம்மை அனுப்பிவைத்த பெற்றோரும் அவ்வாறே அஞ்சினர், ஆயினும் தடுக்கவில்லை.