சுவர் நிற்கச் சாம்பல் எதற்கு?

தவக்காலம் பிறந்துவிட்டது. போன ஆண்டுக் குருத்தோலையைச் சுட்ட சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டோம். வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிடுகிறோம். காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களும் நம்மிடையே உண்டு. இவற்றில் ஒன்றையும் நான் பழிக்கவில்லை. ஆனால் ஈஸ்டர் அன்று கறிக்குழம்பு கொதிக்கும்போது நம்மிடம் என்ன மாறியிருக்கும்? மனம் மாறாத தவம் வெறும் பட்டினி. மனம் மாறியதா இல்லையா என்பதை அயலானை நாம் நடத்தும் விதத்தில்தான் கண்டுகொள்ள முடியும்.

திருச்சபைச் சட்டம் ஒருசந்தியைக் கட்டாயமாக்கியிருப்பது சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாட்களுக்கு. அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் தளர்த்தியபோது, மனமாற்றமே தவத்தின் உயிர் என்று வற்புறுத்தினார். இது புதுக்கருத்தும் அல்ல. நோன்பு நாளிலும் கூலியாட்களை ஒடுக்குகிறவர்களை ஏசாயா நூலின் 58ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது. 387ஆம் ஆண்டு அந்தியோக்கியாவில் வரியை எதிர்த்துக் கிளர்ந்த மக்கள் பேரரசரின் சிலைகளை உடைத்தார்கள். என்ன தண்டனை வருமோ என்று நகரமே நடுங்கிய அந்தத் தவக்காலத்தில்தான் புனித யோவான் கிறிசோஸ்தோம் மறையுரை ஆற்றினார். இறைச்சியை ஒதுக்கிவிட்டுப் பழிச்சொல்லால் சகோதரனைக் கடித்துத் தின்னும் நோன்பால் என்ன பயன் என்று அவர் கேட்டார்.

அதே கேள்வியை நம் வாசலுக்குக் கொண்டுவருவோம். நாம் எல்லோரும் மண், மண்ணுக்கே திரும்புவோம் என்று சொல்லித்தான் சாம்பல் பூசுகிறார்கள். அப்படித் திரும்பும் மண்ணுக்கும் நடுவில் சாதி பார்த்துச் சுவர் வைத்தது திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டம். வேறு சில ஊர்களில் திருவிழாத் தேர் மேலத்தெருவோடு திரும்பிவிடுகிறது, காலனிக்குள் போவதில்லை. அங்குள்ளவர்களிடம் திருவிழா வரியும் வாங்குவதில்லை. வரி வாங்கினால் உரிமையும் கொடுக்க வேண்டுமே! நாற்பது நாள் மீனைக்கூடத் தொடாத வாய், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மறுக்கிறது.

"மனம் மாறினால் போதுமென்றால் ஒருசந்தி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு வேளைச் சோற்றை விட முடியாதவன், பரம்பரையாக வந்த பெருமையை எப்படி விடுவான்? உடலைப் பழக்கத்தான் நோன்பு. அதில் மிச்சமாகும் பிடியரிசி ஏழையின் உலைக்குப் போனால்தான் அது நிறைவு பெறும். "சாதி ஊர் வழக்கம், அதை ஆன்மிகத்தோடு ஏன் கலக்கிறீர்கள்?" என்பார்கள் வேறு சிலர். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, அது பாவம் என்று 2016இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டது இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை. பாவத்தை விட்டுத் திரும்பத்தானே தவக்காலம்? "உள்ளத்தைக் கடவுள் ஒருவரே அறிவார்" என்பது கடைசிச் சாக்கு. உள்ளம் கடவுளுக்குத் தெரியும். சுவர் ஊருக்கே தெரியும்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். கறியை விடுவதோடு சாதிக்கு நாம் செய்துவரும் ஒரு மரியாதையையும் விடுவோம். தனிக் கல்லறை இருக்கும் பங்கில், அதைப் பொதுவாக்கும் தீர்மானம் பெரிய வெள்ளிக்கு முன் பங்குப் பேரவையில் நிறைவேறட்டும். தேர் நிற்கும் எல்லையை இந்த ஆண்டே நகர்த்துவோம். அதைச் செய்ய மனமில்லாத பங்கு, ஈஸ்டர் நள்ளிரவில் அல்லேலூயா பாட அவசரப்பட வேண்டாம்.